'கோஸ் வெல் வித்' எங்க போடணும், எங்க போடக்கூடாது? ஏற்காட்டுல கடைக்கு போர்டு எழுதறேன், சொல்லிக்குடுங்க

மலைப்பாதை20:
வணக்கம்ங்க எல்லாருக்கும். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்ப ஒரு சந்தேகம் வந்துருச்சு, கேட்டே ஆகணும். ஏற்காட்டுல எங்க வீட்டு முன்னாடியே நானும் அம்மாவும் சின்னதா ஒரு காப்பி கடை வெச்சிருக்கோம், நாலு டேபிள்தான். சனி ஞாயிறு ஆனா பெங்களூர்ல இருந்து, கேரளால இருந்து, எப்பவாச்சும் வெளிநாட்டுல இருந்தும் ஆளுங்க வருவாங்க, அவங்களுக்கு தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அதனால எதுக்கு எது நல்லா இருக்கும்னு ஒரு போர்டு எழுதி சுவத்துல மாட்டுனேன்.

அங்கதான் ரெண்டு தடவை சிக்கல் ஆயிருச்சு. முதல் போர்டுல 'மிளகாய் பஜ்ஜி கம்ஸ் வித் ஃபில்டர் காபி'ன்னு எழுதியிருந்தேன். ஒரு குடும்பம் வந்து ஆறு பிளேட் பஜ்ஜி சொன்னாங்க, காப்பியும் குடிச்சாங்க, பில்லு குடுத்தப்ப காப்பிக்கு எதுக்கு தனியா காசுன்னு கேட்டு போர்டை கைகாட்டுனாங்க. அம்மா ஆறு காப்பி காசையும் விட்டுட்டாங்க. அப்பறம் மாத்தி 'அவர் காபி ஈஸ் கோயிங் வெல் வித் பெப்பர் ஆம்லெட்'னு எழுதுனேன். போன வாரம் வந்த ஒரு பெரியவர் அதைப் படிச்சுட்டு, வியாபாரம் நல்லா போகுதா, ரொம்ப சந்தோஷம்னு எங்கிட்ட கை குடுத்தார். நல்ல மனுசன், ஆனா நான் சொல்ல வந்தது அது இல்லையே.

அம்மா கை பக்குவம் அவ்ளோ நல்லா இருக்கும்ங்க. அதைச் சொல்ற வார்த்தை தப்பா இருக்கக்கூடாதுன்னு நெனைக்கறேன். 'கோஸ் வெல் வித்'னு ஒண்ணு இருக்குன்னு தெரியும், அதை எங்க எப்படி போடறதுன்னு யாராச்சும் விளக்கமா சொல்லுங்களேன்.

குகை தறிவீடு:
'குட் காம்பினேஷன்'னு போட்டுடு தம்பி, எல்லாருக்கும் புரியும்.

மலைப்பாதை20:
போடலாம்ண்ணா, ஆனா பத்து அயிட்டத்துக்கும் பத்து தடவை 'குட் காம்பினேஷன்'னு எழுதுனா படிக்கவே ஒரு மாதிரி இருக்குமே.

டியூஷன் அக்கா அஸ்தம்பட்டி:
தம்பி, நான் பத்தாவது, ப்ளஸ் டூ பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கறேன், இந்த ரெண்டு தப்பும் வருஷா வருஷம் நான் திருத்தற நோட்டுலயும் வரும், அதனால கொஞ்சம் நிதானமா எழுதறேன், பொறுமையா படி.

'கம்ஸ் வித்'னா கூடவே வரும், அந்தக் காசுலயே அடக்கம். ஓட்டல்ல தோசை வாங்குனா சட்னியும் சாம்பாரும் கேக்காமயே வருதுல்ல, அது 'கம்ஸ் வித்'. போன் வாங்குனா டப்பாக்குள்ள சார்ஜர் இருந்தா அதுவும் 'கம்ஸ் வித்'. நீ எழுதுனதைப் படிச்சா பஜ்ஜி வாங்குனா காப்பி அதோட சேர்த்தின்னுதான் அர்த்தம் வரும், அந்தக் குடும்பத்து மேல தப்பு சொல்ல முடியாது. 'சர்வ்டு வித்'தும் அதே வகைதான், தட்டுல வெச்சே தருவோம்னு அர்த்தம். 'கோஸ் வித்'ல மட்டும்தான் குடுக்கறது வாங்கறது பத்தி பேச்சே கிடையாது, சேர்த்து சாப்ட்டா நல்லா இருக்கும்ங்கற யோசனை மட்டும்தான் இருக்கு. அதனால கடைக்காரங்களுக்கு அதான் பாதுகாப்பு.

ரெண்டாவது, 'ஈஸ் கோயிங் வெல்'. நம்ம தமிழ்லயே 'கடை எப்படி போகுது', 'நல்லா போகுது'ன்னு சொல்றோம்ல, அந்த 'போகுது'தான் இங்கிலீஷ்லயும் அந்த 'கோயிங்'. நடந்துட்டு இருக்கற ஒரு வேலை, வியாபாரம், படிப்பு, வீடு கட்டறது, இதெல்லாம் எப்படி நடக்குதுன்னு சொல்ல 'ஈஸ் கோயிங் வெல்'. காப்பிக்கு ஆம்லெட் பொருந்தறது இன்னைக்கு மட்டும் நடக்கற சங்கதி இல்ல, அது அதோட குணம், நேத்தும் பொருந்துச்சு நாளைக்கும் பொருந்தும். குணத்தைச் சொல்றப்ப 'ஈஸ்'சும் வேண்டாம் 'இங்'கும் வேண்டாம், வெறும் 'கோஸ்'. நமக்கு 'பொருந்திக்கிட்டு இருக்கு', 'தெரிஞ்சிட்டு இருக்கு'ன்னு எல்லாத்துலயும் 'இங்' ஒட்டற பழக்கம் கைல வந்துருது, அதை இந்த இடத்துல மட்டுமாச்சும் விடணும்.

இப்ப முக்கியமான விஷயம், எதை முன்னாடி போடறது எதை பின்னாடி போடறது. இதுக்கு என் பசங்களுக்கு ஒரே ஒரு வழிதான் சொல்லுவேன். முதல்ல தமிழ்ல சொல்லிப் பாரு. 'தோசைக்கு தேங்கா சட்னி நல்லா இருக்கும்'. இதுல 'க்கு' எந்த வார்த்தைல ஒட்டியிருக்கு? தோசைல. அந்த 'க்கு' ஒட்டுன வார்த்தையை எடுத்து 'வித்'துக்கு பின்னாடி வெச்சுடு. 'கோகனட் சட்னி கோஸ் வெல் வித் தோசை'. 'தயிர் சாதத்துக்கு மாம்பழம்', 'மேங்கோ கோஸ் வெல் வித் கர்ட் ரைஸ்'. 'லெமன் சாதத்துக்கு ஜவ்வரிசி வடாம்', வடாம் முன்னாடி, சாதம் பின்னாடி. நமக்கு எது சோறு எது தொட்டுக்கறதுன்னு 'க்கு'லயே தெரிஞ்சுரும், இங்கிலீஷ்காரங்க அந்த வேலையை 'வித்'கிட்ட குடுத்திருக்காங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

'வெல்' கண்டிப்பா வேணுமான்னா வேண்டியதில்ல. 'கோஸ் வித்'னாலே பொருந்தும்னுதான் அர்த்தம். 'வெல்' போட்டா நல்லா பொருந்தும். 'கோஸ் ரியலி வெல் வித்', 'கோஸ் பர்ஃபெக்ட்லி வித்' இப்படியும் ஏத்திக்கலாம்.

இளம்பிள்ளை புடவை:
அக்கா இந்த 'க்கு' விஷயம் இவ்ளோ வருஷமா யாருமே எனக்கு சொல்லலை. நான் வாட்ஸ்அப்லயும் இன்ஸ்டாலயும் புடவை விக்கறேன், வடநாட்டு கஸ்டமருங்களுக்கு கேப்ஷன் எழுதணும், எல்லாத்துலயும் 'மேட்சிங் வித்', 'மேட்சிங் வித்'னே போட்டுட்டு இருந்தேன். 'திஸ் ப்ளவுஸ் இஸ் மேட்சிங் வித் த சாரி'. இது சரியா?

டியூஷன் அக்கா அஸ்தம்பட்டி:
'மேட்ச்'சுக்கு அடுத்து 'வித்' தேவையில்லம்மா. 'திஸ் ப்ளவுஸ் மேட்சஸ் த சாரி', நேரா போய் உக்காந்துரும். அதோட அர்த்தமும் கொஞ்சம் வேற. 'மேட்ச்'னா ஒரே கலரு, இல்ல ஒரே டிசைன், ஒண்ணை எடுத்து ஒண்ணு மேல வெச்ச மாதிரி இருக்கறது. மாம்பழ மஞ்சள் புடவைக்கு அதே மஞ்சள்ல ப்ளவுஸ் இருந்தா 'மேட்சஸ்'. அதே புடவைக்கு கரும்பச்சைல ப்ளவுஸ் போட்டு எடுப்பா இருந்தா அது மேட்ச் இல்ல, ஆனா 'கோஸ் வெல் வித்'. கான்ட்ராஸ்ட் விக்கறவங்களுக்கு 'கோஸ் வித்'தான் சரியான வார்த்தை. கேப்ஷன்ல கஸ்டமர்கிட்ட நேரா சொல்ற மாதிரி வேணும்னா 'பேர் திஸ் சாரி வித் எ டார்க் க்ரீன் ப்ளவுஸ்'னும் எழுதலாம், அது ஜோடி சேர்த்துக்கங்கன்னு சொல்ற மாதிரி.

இளம்பிள்ளை புடவை:
அப்ப 'இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இருக்கும்'னு கஸ்டமருக்கு சொல்றப்ப? அதுலயும் 'க்கு' இருக்கே, 'உங்களுக்கு'. 'திஸ் கலர் கோஸ் வெல் வித் யூ'ன்னு போட்டா?

டியூஷன் அக்கா அஸ்தம்பட்டி:
நல்ல கேள்வி, இங்கதான் எல்லாரும் தடுக்கி விழறது. பொருளுக்கும் பொருளுக்கும்தான் 'கோ வித்'. 'க்கு' மனுசங்க மேல ஒட்டுனா வார்த்தை மாறிரும். 'திஸ் கலர் சூட்ஸ் யூ'. இல்லன்னா 'லுக்ஸ் குட் ஆன் யூ'. 'சூட்ஸ்'க்கு பின்னாடியும் 'வித்' வராது 'ஃபார்'ரும் வராது. அவங்க நிறத்துக்குன்னு சொல்றதா இருந்தா 'கோஸ் வெல் வித் யுவர் ஸ்கின் டோன்' வரும், ஏன்னா நிறம்ங்கறது ஆள் இல்லையே.

செவ்வாப்பேட்டை வெள்ளி:
நானும் கேட்டுக்கறேன். நாங்க கொலுசு செய்யறவங்க. 'பட்டுப்பாவாடைக்கு இந்த முத்துக் கொலுசு நல்லா இருக்கும்'னு சொல்ல 'திஸ் ஆங்க்லெட் கோஸ் வெல் வித் எ சில்க் பாவாடை' சரிங்களா? ஆனா கொலுசு எப்பவும் ஜோடி, ஒத்தைல யாரும் வாங்க மாட்டாங்க.

டியூஷன் அக்கா அஸ்தம்பட்டி:
ஜோடின்னா 'தீஸ் ஆங்க்லெட்ஸ் கோ வெல் வித்', 'எஸ்' வராது. ஒண்ணைச் சொன்னா 'கோஸ்', ஒண்ணுக்கு மேலன்னா 'கோ'. 'திஸ் பேர் ஆஃப் ஆங்க்லெட்ஸ்'னு ஆரம்பிச்சா மறுபடியும் 'கோஸ்', ஏன்னா பேர்ங்கறது ஒண்ணு. கேள்வியா கேக்கறப்ப 'எஸ்' முன்னாடி போய் ஒட்டிக்கும், 'டஸ் இட் கோ வித் மை சாரி?'. இல்லைன்னு சொல்லவும் 'டஸிண்ட் கோ வித்'. 'டஸிண்ட் கோஸ்'னு எங்கயும் எழுதிராதீங்க.

தட்டுவடை பிரியன்:
எல்லாரும் புடவை கொலுசுன்னு போயிட்டீங்க, நம்ம சேலத்து தட்டுவடை செட்டை யாருமே பேசலை. ஒரு தட்டுவடை, அது மேல புதினா கொத்தமல்லி பச்சை சட்னி, சிவப்பு சட்னி, துருவுன கேரட்டு பீட்ரூட்டு, வெங்காயம், மேல இன்னொரு தட்டுவடை மூடி. நாலு ரோட்டுல சாயங்காலம் நின்னு சாப்புடற அந்த ருசியை வெளியூர்க்காரனுக்கு எப்படி சொல்றது? நம்ம ஆளுங்க அதுக்கு வெச்ச பேரைப் பாருங்க, செட்டு. சேர்ந்தா நல்லா இருக்கறதை எல்லாம் நாம 'செட்'டுன்னுதான் சொல்றோம். முறுக்கு செட்டு, தட்டுவடை செட்டு. பேச்சுலயும் 'இது அதுக்கு செட் ஆவுது', 'எனக்கு செட் ஆவலை'. அப்ப 'க்ரீன் சட்னி செட்ஸ் வித் தட்டுவடை'ன்னு சொல்லிட்டா என்ன?

டியூஷன் அக்கா அஸ்தம்பட்டி:
நம்ம தமிழ்ல 'செட் ஆகும்' ரொம்ப அழகா உக்காந்துருச்சு, ஆனா அதை அப்படியே இங்கிலீஷுக்கு கொண்டு போக முடியாது. அங்க 'செட்'னா இறுகறது, ஜெல்லி செட் ஆச்சு, சிமெண்ட் செட் ஆச்சு, அந்த மாதிரி. இன்டர்வியூல ஒரு பையன் 'தட் ஜாப் வில் நாட் செட் ஃபார் மீ'ன்னு சொல்லி, எதிர்ல இருந்தவங்களுக்கு புரியாம போச்சுன்னு என்கிட்ட வந்து வருத்தப்பட்டான். அது 'டஸிண்ட் சூட் மீ', இல்ல 'வோண்ட் வொர்க் ஃபார் மீ'. சட்னிக்கு 'கோஸ் வெல் வித் தட்டுவடை' போதும்.

ஆனா ஒண்ணு யோசிங்க. செட்டுக்குள்ள இருக்கற சட்னி ஏற்கனவே உள்ளயே இருக்கு. அப்ப அதை விளக்கறதுக்கு 'கோஸ் வித்' சரி வராது, 'டாப்டு வித்', 'ஃபில்டு வித்', 'மேட் வித்'னு சொல்லணும். தட்டுவடை செட்டோட தனியா குடிக்க ஒரு டீ சொன்னா அந்த டீதான் 'கோஸ் வெல் வித் த செட்'.

சூரமங்கலம் டு ப்ரிஸ்பேன்:
நான் சூரமங்கலத்துக்காரன், இப்ப ஆஸ்திரேலியால இருக்கேன். இங்க ஆபீஸ்ல, கடைல, காதுல விழறதைச் சொல்றேன். 'கோஸ் கிரேட் வித்' நெறைய சொல்றாங்க. 'கோஸ் குட் வித்'னும் பேச்சுல கேட்டிருக்கேன், ஆனா எழுதறப்ப 'வெல்'னுதான் எழுதறாங்க, அதனால போர்டுல 'குட்' வேண்டாம். அப்பறம் ஓட்டல்ல ஆர்டர் எடுக்கறப்ப 'ஐ வில் கோ வித் த ஃபிஷ்'னு சொல்றாங்க, வந்த புதுசுல மீன் கூட எங்க போறாங்கன்னு எனக்கு புரியலை. அது 'நான் மீனையே எடுத்துக்கறேன்'னு அர்த்தம். அதே 'கோ வித்'தான், ஆனா முன்னாடி ஆள் வந்தா தேர்ந்தெடுக்கறது, முன்னாடி பொருள் வந்தா பொருந்தறது. மலைப்பாதை தம்பி, உன் கடைல யாராச்சும் 'ஐ வில் கோ வித் த பஜ்ஜி'ன்னா பஜ்ஜி போட ஆரம்பிச்சுரு.

மலைப்பாதை20:
இது ரொம்ப உபயோகமான தகவல்ண்ணா, நன்றி. சத்தியமா ஒருத்தர் அப்படி சொன்னாங்க, நான் பார்சலான்னு கேட்டேன்.

எஸ்டேட் ரைட்டர்:
நான் 30 வருஷமா ஏற்காட்டுல எஸ்டேட்ல கணக்கு எழுதறேன். நீங்க பேசற விஷயம் எங்க தோட்டத்துலயும் இருக்கு, ஆனா அங்க வேற மாதிரி. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இந்த மலைக்கு காப்பி கொண்டு வந்தார்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அரபிகா காப்பிக்கு நேர் வெயில் ஆகாது, நிழல் வேணும், அதுக்கு சில்வர் ஓக் வெக்கறோம். அந்த சில்வர் ஓக் சும்மா நிக்கக்கூடாதுன்னு அது மேல மிளகுக் கொடி ஏத்தறோம். கீழ காப்பி, மேல மிளகு, நடுவுல மரம், நவம்பர்ல ஆரம்பிச்சு ஜனவரி வரைக்கும் காப்பிப் பழம் பறிச்சு முடிக்கறப்ப மிளகு முத்த ஆரம்பிச்சிருக்கும், ஆளுங்களுக்கு வேலை அத்துப்போகாம ஓடும். காப்பிக்கு மிளகு இவ்ளோ பொருத்தம். இதை 'பெப்பர் கோஸ் வெல் வித் காபி'ன்னு எழுதலாமா? ஒரு விருந்தாளிக்கு சுத்திக் காட்டறப்ப அப்படித்தான் சொன்னேன், அவங்க காப்பில மிளகுத்தூள் போட்டுக் குடிக்கறதான்னு கேட்டாங்க.

டியூஷன் அக்கா அஸ்தம்பட்டி:
ஐயா, அவங்க கேட்டது நியாயம்தாங்க. தின்னற பொருளைச் சொல்லி 'கோஸ் வெல் வித்'னா கேக்கறவங்க மனசு நேரா வாய்க்குத்தான் போகும். தோட்டத்தைச் சொல்றப்ப 'காபி அண்ட் பெப்பர் க்ரோ வெல் டுகெதர்'னு சொல்லுங்க, சேர்ந்து நல்லா வளருதுன்னு தெளிவா போயிரும். அதே மாதிரி சிக்கரியும். காப்பில சிக்கரி கலக்கறோம், அது 'கோஸ் வித்' இல்ல, 'ப்ளெண்டட் வித் சிக்கரி'. ஒண்ணோட ஒண்ணு கலந்து ஒரே பொருளா ஆயிட்டா 'ப்ளெண்டட்', ரெண்டும் தனித்தனியா இருந்து பக்கத்துல பக்கத்துல நல்லா இருந்தாதான் 'கோஸ் வித்'.

சூரமங்கலம் டு ப்ரிஸ்பேன்:
சில்வர் ஓக்னு சொன்னதும் எழுதாம இருக்க முடியலை. அந்த மரத்துக்கு சொந்த ஊரே நான் இப்ப இருக்கற பக்கம்தான், கிழக்கு ஆஸ்திரேலியா. இங்க ரோட்டோரத்துல ஆரஞ்சு கலர்ல பூத்து நிக்கும். மொத தடவை பாத்தப்ப ஏற்காடு மலைப்பாதைல பஸ்ஸு ஜன்னலோரம் உக்காந்து போற மாதிரியே இருந்துச்சு. அங்க காப்பிக்கு நிழல் குடுத்துட்டு நிக்கற மரம், இங்க யாருக்கும் எதுவும் குடுக்காம தனியா நிக்குது.

குகை தறிவீடு:
எனக்கு ஒரு சந்தேகம், கேக்கவான்னு தெரியலை. எங்க பையனுக்கு பொண்ணு பாக்கறோம், வெளிநாட்டுல வளந்த பொண்ணு, அவங்க வீட்டுல இங்கிலீஷ்லதான் மெசேஜ் பண்றாங்க. பத்துக்கு எட்டு பொருத்தம் இருக்கு. 'அவர் சன்ஸ் ஹோரோஸ்கோப் கோஸ் வெல் வித் யுவர் டாட்டர்'னு அனுப்பலாமா? தப்பா போயிரக்கூடாது.

டியூஷன் அக்கா அஸ்தம்பட்டி:
கேட்டது ரொம்ப நல்லதுண்ணா. நல்ல காரியம் நடக்கட்டும். ஜாதகத்துக்கு 'மேட்ச்'தான், 'த ஹோரோஸ்கோப்ஸ் மேட்ச்'. ரெண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போகுதுன்னா 'தே கெட் ஆன் வெல்', இல்ல 'கெட் அலாங் வெல்'. ஆளுக்கு ஆளு 'கோஸ் வெல் வித்' போட்டா அவங்களை ஏதோ புடவைக்கு ப்ளவுஸ் மாதிரி பேசறதா ஆயிரும், பெரியவங்க மனசு சங்கடப்படும்.

இன்னொன்னும் சேர்த்து சொல்லிடறேன், விருந்துக்கு அவங்க வந்தா தேவைப்படும். 'எனக்கு பால் ஒத்துக்காது'ன்னு சொல்ல 'மில்க் டஸிண்ட் அக்ரீ வித் மீ'. 'கோ' இல்ல, 'அக்ரீ'. வயித்துக்கு ஒத்துக்கறது 'அக்ரீ'. பாருங்க, தமிழ்ல 'ஒத்துப்போகும்', 'ஒத்துக்கும்'னு ஒரே வேர்லயே சொல்லிடறோம், அவங்க ஆளுக்கு ஒண்ணு, வயித்துக்கு ஒண்ணு, துணிக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. அந்தப் பக்கம் பாத்தா, நாம சோத்துக்கு 'தொட்டுக்க', துணிக்கு 'எடுப்பா இருக்கு', ஜாதகத்துக்கு 'பொருத்தம்', கல்யாண ஜோடிக்கு 'ஜாடிக்கேத்த மூடி'ன்னு பிரிச்சு வெச்ச எடத்துல அவங்க சோத்துக்கும் துணிக்கும் ஒரே 'கோ வித்'துலயே முடிச்சுக்கறாங்க. அதனால வார்த்தைக்கு வார்த்தை மாத்தாம, எதுக்கும் எதுக்கும் நடுவுல பேசறோம்னு பாத்துட்டு எழுதணும்.

குகை தறிவீடு:
நன்றிம்மா. 'த ஹோரோஸ்கோப்ஸ் மேட்ச்'னு அனுப்பிட்டேன். அவங்களும் சந்தோஷமா பதில் போட்டிருக்காங்க.

கன்னங்குறிச்சி வாசகர்:
அக்கா சொன்ன 'க்கு' வழி நல்லா இருக்கு, ஆனா எனக்கு ஒரு மறுப்பு இருக்கு. தோசைக்கு சட்னி, சாதத்துக்கு வடாம், இதெல்லாம் சரி, எது பெருசு எது சின்னதுன்னு தெரியும். காப்பியும் பஜ்ஜியும் எப்படி? காப்பிக்கு பஜ்ஜியா, பஜ்ஜிக்கு காப்பியா? எங்க வீட்டுல அப்பா காப்பி குடிக்கத்தான் ஏற்காடு போவார், பஜ்ஜி அதுக்கு கூட. எனக்கு பஜ்ஜிதான் முக்கியம், குளுருல எண்ணெய்ல இருந்து எடுத்த சூட்டோட சாப்புடறப்ப தொண்டைல எரியும்ல, அதை அணைக்கத்தான் காப்பி. ஒரே வீட்டுக்குள்ளயே ரெண்டு 'க்கு'. அப்ப எதை 'வித்'துக்கு பின்னாடி போடறது?

தட்டுவடை பிரியன்:
பஜ்ஜிக்குத்தான் காப்பி. இதுல என்ன சந்தேகம்.

எஸ்டேட் ரைட்டர்:
காப்பிக்குத்தான் பஜ்ஜி. 200 வருஷமா இந்த மலைல விளையறது காப்பி.

டியூஷன் அக்கா அஸ்தம்பட்டி:
கன்னங்குறிச்சி சார் சொன்னது சரி, நான் சொன்ன வழியை ஒரு படி திருத்திக்கணும். ரெண்டும் சமமா இருந்தா, நாம எதைப் பத்திப் பேசிட்டு இருக்கோமோ அது முன்னாடி வரும். ஊறுகாய் பாட்டில் மேல 'கோஸ் வெல் வித் கர்ட் ரைஸ்'னு வெறுமனே எழுதியிருக்கறதைப் பாத்திருப்பீங்க, முன்னாடி வார்த்தையே இருக்காது, ஏன்னா அந்த பாட்டில்தான் முன்னாடி வார்த்தை, அது கைலயே இருக்கு. அதே கணக்குல, போர்டுல காப்பின்னு தலைப்பு போட்டு அது கீழ எழுதுனா 'கோஸ் வெல் வித் பஜ்ஜி'. பஜ்ஜின்னு தலைப்பு போட்டா 'கோஸ் வெல் வித் காபி'. ரெண்டுமே சரி. அப்பாவுக்கும் மகனுக்கும் தனித்தனி வரி.

ரெண்டையும் ஒரே தட்டுல சமமா வெக்கணும்னா 'டுகெதர்' இருக்கு. 'பஜ்ஜி அண்ட் காபி கோ வெல் டுகெதர்'. இதுல யாரு பெரியவங்கற பேச்சே வராது. ரெண்டு பேரும் முன்னாடி நிக்கறாங்க, 'வித்' தேவையில்ல.

கன்னங்குறிச்சி வாசகர்:
இதை ஒத்துக்கறேன். 'ஹேண்ட் இன் ஹேண்ட்'னும் சொல்றாங்களே, 'பஜ்ஜி அண்ட் காபி கோ ஹேண்ட் இன் ஹேண்ட்'?

டியூஷன் அக்கா அஸ்தம்பட்டி:
கைகோத்துட்டு போறதுங்கறதை சாப்பாட்டுக்கு அவ்வளவா சொல்ல மாட்டாங்க சார். ஒண்ணு இருந்தா இன்னொன்னும் கூடவே இருக்கும்ங்கற விஷயத்துக்கு அது. மழையும் மலைப்பாதைல மண்சரிவும், படிப்பும் பொறுமையும், இந்த மாதிரி.

மலைப்பாதை20:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. அம்மாகிட்ட முழுசா படிச்சுக் காட்டுனேன். 'க்கு' கதையைக் கேட்டுட்டு அவங்களே ஒண்ணொண்ணா சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, பஜ்ஜிக்கு தேங்கா சட்னி, பிரட் ஆம்லெட்டுக்கு மிளகு தூக்கலா, கருப்பட்டி காப்பிக்கு தட்டுவடை, பலாப்பழத்துக்கு எதுவும் வேண்டாம் அது தனியாத்தான்னு. அவங்க சொல்லச் சொல்ல நான் நோட்டுல எழுதிக்கிட்டேன், சாயங்காலம் பூரா போச்சு. எங்கம்மா இவ்ளோ நேரம் ஒரே எடத்துல உக்காந்து நான் பாத்ததே இல்ல. புது போர்டு இப்படி எழுதியிருக்கேன், ஒரு தடவை பாத்து சொல்லுங்க, நாளைக்கு பெயிண்ட்ல எழுதிட்டா திருத்த முடியாது.

ஃபில்டர் காபி: ப்ளெண்டட் வித் சிக்கரி. கோஸ் வெல் வித் பெப்பர் ஆம்லெட்.
மிளகாய் பஜ்ஜி: கம்ஸ் வித் கோகனட் சட்னி. கோஸ் ரியலி வெல் வித் ஃபில்டர் காபி.
கருப்பட்டி காபி: கோஸ் வெல் வித் தட்டுவடை.
கடைசியா கீழ பெருசா: பஜ்ஜி அண்ட் காபி கோஸ் வெல் டுகெதர்.

செவ்வாப்பேட்டை வெள்ளி:
சட்னிக்கு 'கம்ஸ் வித்', காப்பிக்கு 'கோஸ் வித்', ஒரே வரில ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தது எனக்கே புரியுது தம்பி. சட்னி சும்மா, காப்பிக்கு காசு.

டியூஷன் அக்கா அஸ்தம்பட்டி:
ரொம்ப நல்லா வந்திருக்கு. காசு விஷயம் சந்தேகமே இல்லாம இருக்கணும்னா ஒவ்வொண்ணுக்கும் நேரா விலையையும் எழுதிரு. அப்பறம் கடைசி வரி மட்டும். பஜ்ஜி ஒண்ணு, காப்பி ஒண்ணு, சேர்ந்தா ரெண்டு. 'கோ', 'எஸ்' எடுத்துரு.

மலைப்பாதை20:
எடுத்துட்டேன்க்கா.